விதை வைக்காத புல்

அந்தப் புல்லை வெள்ளியங்கிரி இதுவரை நான்கு முறை கொன்றிருக்கிறார்.

முதல் முறை அரிவாளால். தரையோடு தரையாக அறுத்து வரப்பில் வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சந்தைக்குப் போனார். பத்தாம் நாள் வந்து பார்த்தால் அறுத்த தாளின் நடுவிலிருந்து பச்சைக் குருத்து ஒரு சாண் உயரத்துக்கு எட்டிப் பார்த்தது. இரண்டாம் முறை தீ. காய்ந்த தென்னோலையைப் போர்த்தி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். மேலே இருந்ததெல்லாம் கரியாகிப் போயிற்று. ஆனால் அந்தப் புல்லின் உயிர்முடிச்சு மண்ணுக்குக் கீழே இரண்டு விரற்கடை ஆழத்தில் ஒளிந்திருந்ததால் நெருப்பு அதைத் தொடவே இல்லை. மூன்றாம் முறை ஒரு மூட்டை கல்லுப்பு. உப்பைத் தின்றுவிட்டு அது இன்னும் கொஞ்சம் கரும்பச்சையாகியது. நான்காம் முறை, கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகக் கொடுத்த களைக்கொல்லி. இலையெல்லாம் பழுத்துத் தொங்கியது. வெள்ளியங்கிரி அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். ஆடியில் ஒரு மழை பெய்தது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவர் அதன் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

வெண்ணந்தூரிலிருந்து தெற்கே இரண்டு கல் தள்ளி அவருடைய நாலரை ஏக்கர் வெள்ளாமைக் காடு, அதன் ஓரத்திலேயே மாடிவீடு. ஊருக்குள் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், காட்டுக்குள் வந்துவிட்டால் அது தேய்ந்து போகும். காட்டின் நடுவே அரை சென்ட் அளவுக்கு மட்டும் அந்தப் புல் நின்றது. நெஞ்சு உயரம். விறைத்த தாள், தடவினால் கையைக் கிழிக்கும் விளிம்பு. மாடு இளங்குருத்தை மட்டும் ஒரு வாய் கடித்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். கார்த்திகையில் செம்பழுப்பாகக் கதிர் தள்ளும், ஆனால் ஒரு சிட்டுக்குருவிகூட அதன்மேல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கொத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்காது.

சித்திரை வெயிலில் சுற்றிலும் மரவள்ளிக் குச்சிக்கிழங்குச் செடியெல்லாம் இலையைத் தொங்கப்போட்டு நிற்கும்போது, இந்த அரை சென்ட் மட்டும் நேற்றுத்தான் தண்ணீர் பாய்ந்த மாதிரி பச்சையாக இருக்கும். காற்று அடங்கிக் கிடக்கும் உச்சிப்பொழுதிலும் அதற்குள் ஒரு தாள் மட்டும் அசையும். இதையெல்லாம்கூட வெள்ளியங்கிரி தாங்கிக்கொண்டார். வருசத்துக்கு ஒரு தூர் கூடுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இரண்டுமில்லை, மூன்றுமில்லை. சரியாக ஒன்று.

ஊரார் கேட்டால், "கண்ணாடி விரியன் குடியிருக்குதுங்க, அக்கட்டால போகாதீங்க" என்பார். ஊரும் நம்பியது.

அந்தப் புல்லின் அடியில் மூடிய கிணறு இருந்தது. கிணற்றின் அடியில் பொன்னாயி இருந்தாள்.

இருபத்தெட்டு வருசத்துக்கு முந்தைய சித்திரை அது. தண்ணீர் வற்றிப்போன எழுபதடிக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்த வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரம், ஆட்களெல்லாம் கலைந்து போனபின், அடியில் புதுச் சம்மட்டி கிடப்பது வெள்ளியங்கிரிக்கு ஞாபகம் வந்தது. மண் சுமந்து முடித்துக் கூடையைத் தட்டிக்கொண்டிருந்த பொன்னாயியை இறங்கி எடுத்து வரச் சொன்னார். கடைசி வெடியில் கீழ்ப்புறச் சுவர் விரிசல் விட்டிருந்ததை மத்தியானமே அவர் பார்த்திருந்தார். அவள் அடிவரைக்கும் போய்விட்டாள். சுவர் மொத்தமாகச் சரிந்தது.

வெடிமருந்து உரிமம் இல்லாமல் வாங்கியது. தங்கச்சிக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவருடைய அப்பா வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார், மகனைப் பார்த்தார், "வாயத் தொறக்காத" என்றார். சுவர் சரிந்த கிணறு இனி உதவாது என்று ஊருக்குச் சொல்லி, மறுநாள் வெயில் ஏறுமுன் புல்டோசர் வந்து கிணற்றை மூடிவிட்டுப் போய்விட்டது. பொன்னாயியின் புருசன் சென்றாயன் மூன்று வயசுப் பெண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றபோது, வெள்ளியங்கிரி தன் வாயாலேயே சொன்னார்: "நேத்துப் பொழுதோட ரோட்டுல ஒரு லாரியில ஏறுனதப் பாத்தனப்பா."

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. சென்றாயன் சேலம் பஸ் ஸ்டாண்டு, ஈரோடு, சங்ககிரி லாரிப் பேட்டை என்று ஒரு வருசம் அலைந்தான். அப்புறம் இதே காட்டுக்கு வேலைக்கு வந்தான். போன தை மாதம் சாகும்வரை வீட்டுக் கதவைத் தாழ் போடாமல்தான் படுத்தான். அந்தப் பெண்பிள்ளை தேவிப்ரியா வளர்ந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, இப்போது வெள்ளியங்கிரி வீட்டுக் கட்டுத்தரையில் ஆறு மாட்டுக்குச் சாணி வழித்துப் பால் கறக்கிறாள். ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் போதும், தெருவில் யாராவது ஒருவர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஓடிப்போனவள் மகள் என்பதுதான் ஊரில் அவளுக்குப் பெயர்.

அன்று மாலை கிணற்றோரம் நடந்ததில் ஒன்றை மட்டும் வெள்ளியங்கிரி தன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் கூப்பிட்டாலும் முதல் அழைப்பிலேயே "ஆ" என்று திரும்பிவிடுவார். குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, சோற்றில் கையிருந்தாலும் சரி. போன் முதல் மணியிலேயே காதுக்குப் போய்விடும். கல்யாண வீட்டில் வேறு ஒரு வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டதற்கு இவர் எழுந்து போய் அசடு வழிந்த கதை உறவில் பிரபலம். "எங்கப்பனை ரெண்டாவது தடவ கூப்புட்டவங்க இந்தப் பூமியில இல்லீங்க" என்று மகன் குணசீலன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். வெள்ளியங்கிரி மட்டும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

இந்த வருசம் ஆழ்குழாய்க் கிணறு தூர்ந்துபோயிற்று. தொள்ளாயிரம் அடியிலிருந்து முதலில் சேறு வந்தது, பிறகு காற்று வந்தது, பிறகு மோட்டார் கத்தும் சத்தம் மட்டும் வந்தது. ஐந்து மாசக் கிழங்கு கண் முன்னால் வாடியது. மாட்டுக்குத் தண்ணீர் டேங்கரில் வாங்க வேண்டியதாயிற்று. குணசீலன் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஜீவானந்தம் என்ற நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டி வந்துவிட்டான்.

ஜீவானந்தம் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு வெறுங்காலோடு காட்டைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஈசானி மூலையில் ஒன்றுமில்லை. தென்னைமரத்தடியில் தேங்காய் லேசாக ஆடிவிட்டுப் படுத்துக்கொண்டது. பிறகு அவர் தலை நிமிர்ந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டார்.

"அதென்னுங்க, காடே கருகிக் கெடக்குது, அங்க மட்டும் அப்பிடி நிக்குது?"

"அது சும்மா புல்லுங்க," என்றார் வெள்ளியங்கிரி வேகமாக. "விரியன் கெடக்குது. போகாதீங்க."

"ஏனுங்கப்பா, அவரு பாத்துட்டுப் போகட்டும். தடியோட நானும் போறேன்."

"சொல்றனில்லொ, வேண்டாம்னு!"

குரல் உயர்ந்துவிட்டது. குணசீலன் அப்பாவை வினோதமாகப் பார்த்தான். அதற்குள் ஜீவானந்தம் புல்லின் ஓரத்தை எட்டியிருந்தார். கையிலிருந்த தேங்காய் மெல்லத் தலையைத் தூக்கியது, நின்றது, அப்படியே நிமிர்ந்து நின்றது. ஜீவானந்தமே கொஞ்சம் பயந்துவிட்டார். பூ ஒன்றை வைத்துத் தேங்காயை அங்கேயே உடைத்தார்.

"நானும் முப்பது வருசமா பாக்கறனுங்க. தேங்கா இப்பிடி எந்திரிச்சு நின்னதில்ல. புல்லே சொல்லுதுங்களே, அடியில ஈரம் இருக்குதுன்னு. இதுதான் பாயிண்ட்டு. நாளானிக்கி வண்டியக் கூப்புட்டுருங்க."

ஈரம் இருக்கத்தான் செய்யும். இறுகாத மண், எழுபதடிக்கு. பெய்கிற மழையெல்லாம் அதற்குள்தானே இறங்குகிறது. வெள்ளியங்கிரிக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்வது, அதை யாரிடமும் சொல்ல முடியாது.

மறுநாள் பொழுது சாயும் நேரம் மருமகள் மதுமதி கையில் ஒரு பிடித் தாளும் வேருமாகக் காட்டிலிருந்து வந்தாள். விவசாயம் படித்தவள், ராசிபுரம் ரோட்டில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை. செடி கொடி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வீட்டுக்குள் அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தாளித்த வாசனை. மாமியார் சௌந்திரம் முறத்தை மடியில் வைத்துத் தட்டப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். மதுமதி வேரை மாமனாரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மாமா, மோந்து பாருங்க."

வெள்ளியங்கிரி மோந்தார். குளிர்ந்த மண்பானைத் தண்ணீர் வாசனை. அதற்குள்ளே இன்னொரு வாசனையும் இருந்தது. வேலைக்கு வரும் பெண்களின் ஈரக் கூந்தலில் என்றைக்கோ அடித்த வாசனை. அவர் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வெட்டிவேருங்க மாமா! இத்தன வருசமா நம்ம காட்டுல வெச்சுக்கிட்டு வெறும் புல்லுன்னு சொல்லிட்டு இருக்கறீங்க. இதோட கொணம் தெரியுங்களா? வேரு பக்கத்துல ஒரு சாண்கூட ஓடாது. நேரா கீழதான் போகும், பத்தடி, பன்னண்டடி. மத்த புல்லாட்டம் படராது. நம்ம பக்கத்து வெட்டிவேரு பூக்கும், வெதை வெக்காது. மலடுங்க."

"வெதையில்லாம எப்பிடிடி மொளைக்கும்?" என்றான் குணசீலன் போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"அதத்தான் சொல்றேன். தானா மொளைக்காது. தூரப் பிரிச்சு, நாத்தா எடுத்து, யாராச்சும் கையால நட்டாத்தான் உண்டு. நட்ட எடத்துலயே நூறு வருசம் நிக்கும். ஒரு தூர்லருந்து பிரிச்சு வெச்சதெல்லாம் அதோட புள்ள கெடையாது, அதுவேதான். எத்தன எடத்துல நட்டாலும் ஒரே செடிங்க."

முறத்தில் பயறு விழும் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.

"இன்னொண்ணு மாமா. அங்க எண்ணிப் பாத்தேன். நட்ட நடுவுல ஒரு பெரிய தூரு. அதச் சுத்தி வட்டமா மத்ததெல்லாம், ஒண்ணவிட ஒண்ணு சித்த சிறுசு. மொத்தம் இருவத்தெட்டு. வருசத்துக்கு ஒண்ணுன்னு யாரோ வந்து நட்டாப்பல இருக்குது. யாருங்க மாமா நட்டது?"

 வெள்ளியங்கிரியின் தட்டில் போட்ட சோறு ஆறி இறுகியது. சௌந்திரம் மோரை ஊற்றி, "உண்ணுங்க" என்றாள். அவர் உண்ணவில்லை.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் கிணற்றுக்குள் பொன்னாயி கிடப்பது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருடைய அப்பா. மூடிய மறுவருசமே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருவர் தான். அப்படியானால் நட்டது யார்? நட்டால்தான் உண்டு என்கிறாள் படித்த பெண். மேலேயிருந்து யாரும் நடவில்லை. கீழேயிருந்து ஒருத்தி வருசத்துக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கிறாள் என்ற எண்ணம் வந்ததும் அவருக்குக் குளிர் எடுத்தது. சித்திரை மாசத்தில் போர்வை கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு படுத்தார்.

வெடியால இருட்டோடு எழுந்ததும் நேராகக் கட்டுத்தரைக்குப் போனார். தேவிப்ரியா செவலை மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் பேசும்போதெல்லாம் அவர் மாட்டைப் பார்த்துத்தான் பேசுவார்.

"ஏஞ்சாமி, உங்கப்பன் எப்பவாச்சும் நடுக்காட்டுல அந்தப் புல்லு நட்டானா?"

"எங்கப்பனுங்களா?" அவள் சிரித்தாள். "அது அந்தப் பக்கமே போகாதுங்க பெரியய்யா. ஏர் ஓட்டறப்பகூட சுத்திக்கிட்டுத்தான் போகும். அங்க காலு வெச்சா மனசு கனக்குதும்மான்னு சொல்லும். ஏனுங்?"

"இல்ல, வெட்டிவேருன்னு நம்ம மதுமதி சொல்லுச்சு."

"அதா! எங்க ஊட்டுல தண்ணி போற சலதாரை ஓரத்துலயும் ஒரு தூரு நிக்குதுங்களே. எங்கம்மா நட்டதாமா. அம்மா பொறந்தது கொல்லிமலை அடிவாரங்க, ஓடைக்கரையிலருந்து கொண்டாந்து வெச்சுதாமா. வெட்டிவேருன்னா உசுராமா. சீவிச் சிங்காரிக்கறப்ப கொண்டையில ஒரு வேர வெச்சு முடிஞ்சுக்குமாமா." பால் பீய்ச்சும் சத்தம் பாத்திரத்தில் சுர்ரென்று எழுந்தது. "போனதுதான் போச்சு, அதயும் கூடவே புடுங்கிட்டுப் போயிருக்கலாம். எங்கப்பன் அதுக்குத் தண்ணி ஊத்தி ஊத்தியே செத்துச்சு."

வெள்ளியங்கிரி கட்டுத்தரைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். கொண்டையில் வேர். அவளோடு கீழே போன வேர். படித்த பெண் சொன்ன கணக்குக்கு விடை கிடைத்துவிட்டது. நட்டது பொன்னாயிதான்.

"ஆ! வாரேன்!" என்றார் திடீரென்று, காட்டுப் பக்கம் திரும்பி.

தேவிப்ரியா மடியிலிருந்து கையை எடுத்தாள். "யாரு பெரியய்யா கூப்புட்டது? ஒருத்தருமில்லீங்களே."

அவர் காட்டை நோக்கி நடந்தார். காலில் செருப்பு இல்லை என்பதை வரப்பில் முள் குத்தியபோதுதான் கவனித்தார்.

ஆழ்துளை போடும் ரிக்கு வண்டியும் கம்ப்ரசர் வண்டியும் ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தன. திருச்செங்கோட்டு வண்டி. வடக்கத்திப் பையன்கள் நாலு பேர், அவர்களை மேய்க்க நம் பக்கத்து டிரில்லர் ஒருவர். ரிக்கு வருகிறது என்றால் தெருவே கூடிவிடும் இங்கே. தறியை நிறுத்திவிட்டு ஏழெட்டுப் பேர் வந்து வரப்பில் உட்கார்ந்தார்கள். தேவிப்ரியா தூக்குப்போசியில் டீ கொண்டு வந்து ஊற்றினாள். ஜீவானந்தம் பூ வைத்த இடத்துக்கு நேராக வண்டி பின்பக்கமாகவே நகர்ந்து புல்லின்மேல் ஏறியது. தாள்கள் ஒடிந்த சத்தம் வெள்ளியங்கிரிக்கு மட்டும் மிக உரக்கக் கேட்டது.

அவர் மகனின் கையைப் பிடித்தார். "வேண்டாம் சாமி. நாளு நல்லா இல்ல. தென்னமரத்துக்கிட்டயே போடலாம்."

"ஏனுங்கப்பா, கெழங்கு சாவுது, மாடு நாக்கத் தொங்கப் போடுது. ரெண்டு நாளா நீங்க ஒரு மாதிரியாவே இருக்கறீங்க. ஊட்டுக்குப் போய்ப் படுங்க."

கம்ப்ரசரின் காற்று துளைக்குள் திறந்துவிடப்பட்டது. அந்தச் சத்தத்தில் பேச்சுக்கே இடமில்லை. முதல் ஐந்து நிமிசம் புழுதிதான் கிளம்பியது. பிறகு ஈரமண். பிறகு அதோடு வேர் வந்தது. சிக்குப் பிடித்த கூந்தலை அள்ளி வீசினதுபோல மஞ்சளும் பழுப்புமாக வந்து எல்லோர் மேலும் விழுந்தது. காடு முழுக்க வாசனை நிறைந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார்கள். "அம்மாடி, கமகமன்னு இருக்குதே," என்றார் ஒருவர். தேவிப்ரியா தோள்மேல் விழுந்த வேரை எடுத்து மோந்து பார்த்தாள். ஏனோ அவள் அதைக் கீழே போடவில்லை.

துளை சரியாமல் தாங்க டிரில்லர் கேசிங் பைப்பை இறக்கினார். இருபதடி. இன்னொன்று. நாற்பதடி. கையைத் தூக்கினார், சத்தம் அடங்கியது.

"அண்ணா, இதென்ன எடம்? நாப்பதடிக்கு மண்ணே போயிட்டு இருக்குது. இந்தப் பக்கத்துல பத்தடிக்கே பாறை தட்டோணும். இது தூத்த கெணறாட்ட இருக்குதுங்களே? பழைய கெணறு ஏதாச்சும் இருந்துச்சா?"

குணசீலன் அப்பாவைப் பார்த்தான். வரப்பில் இருந்த வயசானவர்களில் ஒருவர், "ஆமா, இவங்கய்யன் காலத்துக் கெணறு ஒண்ணு இங்கத்தான் எங்கியோ இருந்துச்சு" என்று இழுத்தார்.

"அப்ப இன்னும் ரெண்டு பைப்பு எறக்குனா அடி தட்டிரும். போட்டுரலாங்களா?"

வெள்ளியங்கிரி மிதிபட்ட புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.  வடக்கத்திப் பையன் மூன்றாவது பைப்பைத் தூக்கிவிட்டான்.

அப்போதுதான் சௌந்திரம் வந்தாள். அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், கையில் மாவு காயவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் போய், பாதி மிதிபட்டும் நடுவில் நின்ற அந்தப் பெரிய தூரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பைப்பைத் தூக்கிய பையன் அப்படியே நின்றான்.

"நிறுத்துங்க தம்பி," என்றாள். பிறகு புருசனைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருசக் குடித்தனத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "நீங்க சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுமா?"

"என்னத்தடி?" என்றார். 

"மருமவ கேட்டாளே, யாரு நட்டதுன்னு. நான்தான் நட்டேன்."

கூட்டத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. வெள்ளியங்கிரிக்கு மட்டும் புரிந்தது.

"அன்னிக்கி மொட்டமாடியில காயப்போட்ட மொளகாய அள்ளிட்டு இருந்தேன். அவ எறங்குனதப் பாத்தேன். ஏறுனதப் பாக்கல. நீங்களும் மாமனாரும் பேசிக்கிட்டு வந்ததயும் கேட்டேன். மடியில இவன், நாலு வயசு. வாயத் தெச்சுக்கிட்டேன். அந்தப் பாவத்துல சரிபாதி என்னிது." அவள் அழுதாள், ஆனால் பேச்சு நிற்கவில்லை. "மழ உழுந்ததும் அவ ஊட்டுச் சலதாரைக்குப் போனேன். அவ நட்ட தூர்லருந்து ஒரு நாத்துப் பிரிச்சாந்து இங்க வெச்சேன். தலமாட்டுல ஒண்ணுமில்லாம கெடக்கறாளேன்னு. நீங்க அறுத்தீங்க, கொளுத்துனீங்க, உப்பப் போட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க சந்தைக்குப் போற நாளாப் பாத்து, வருசா வருசம் மொத மழைக்கி ஒரு நாத்து. சொல்றதுக்குத் தெம்பில்லீங்க எனக்கு. நடறதுக்குத்தான் தெம்பிருந்துச்சு."

ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்புச் சோற்றைத் தின்றுகொண்டு, இரண்டு பேரும் ஒரே பிணத்தை ஒருவருக்கொருவர் சொல்லாமல் காவல் காத்திருக்கிறார்கள். வெள்ளியங்கிரிக்கு அந்த நிமிசத்தில் பயம் போய்விட்டது. வெட்கம் மட்டும் மிஞ்சியது.

அவர் தேவிப்ரியாவின் பக்கம் திரும்பினார். இருபத்தெட்டு வருசத்தில் முதன்முதலாக மாட்டைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்கம்மா லாரி ஏறல சாமி," என்றார். "இங்கதான் கெடக்கறா. சம்மட்டிய எடுத்தாந்துருன்னு நான்தான் எறக்கி உட்டேன். செவுரு விரிசல் உட்டதத் தெரிஞ்சே எறக்கி உட்டேன். லாரியில ஏறுனான்னு உங்கப்பன்கிட்டச் சொன்னதும் நான்தான்."

யாரோ ஒருவர் 'அய்யோ' என்றார். மதுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். குணசீலன் அப்பாவை அடிக்கப் போகிறவன்போல ஓரடி எடுத்துவைத்து, பிறகு எதற்கென்று தெரியாமல் நின்றுவிட்டான். அந்நேரம் பார்த்து ரோட்டில் ஏதோ ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வரப்பில் இருந்தவர்களில் ஒருவர்கூடத் தேவிப்ரியாவின் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

தேவிப்ரியா கையில் அந்த வேர் இருந்தது. டீ போசியை நிதானமாகக் கீழே வைத்தாள். அவள் மண்ணை வாரித் தூற்றுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று வெள்ளியங்கிரி எதிர்பார்த்தார். அதற்குத் தலையைக் குனிந்தும் நின்றார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மண்ணு சரிஞ்சப்பறம் எங்கம்மா கூப்புட்டுச்சுங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அங்கே அப்போது நின்றவர் அவர் ஒருவர்தான். மொட்டைமாடிக்கு அந்தக் குரல் எட்டியிருக்காது. இல்லை என்ற ஒரு சொல்லை அந்தப் பெண்ணுக்காகவாவது சொல்லலாம். வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார்.

"ரெண்டு தடவ," என்றார். "என்னயத்தான், பண்ணாடீன்னு ரெண்டு தடவ கூப்புட்டா சாமி. நான் ஏன்னு கேக்கல. மேல நின்னுக்கிட்டே இருந்தேன்."

குணசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பாவை வைத்து இத்தனை வருசமும் சிரித்த சிரிப்பெல்லாம் அவனுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும்.

போலீசுக்குச் சொல்ல வேண்டும், ஆளை வைத்துக் கையால்தான் தோண்ட வேண்டும் என்று டிரில்லர் பதறிப்போய் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் வண்டியையும் அணைக்கச் சொன்னார். அணைத்ததும் காடு வழக்கம்போல ஆகிவிட்டது. காற்றில்லை. மிதிபடாத தூர் ஒன்றில் ஒரே ஒரு தாள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

தேவிப்ரியா சௌந்திரத்தைத் தாண்டிப் போய், மண்ணுக்குமேல் முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டிருந்த கேசிங் பைப்பின் அருகே மண்டியிட்டாள். ஈர வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு வாயை அதன் விளிம்பில் வைத்து, அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டவளுக்குச் சொல்வதுபோல, சாதாரணமாக,

"என்னம்மா?" என்றாள்.